நான் எண்ணாத எட்டுக் கட்டுகள்

அறுவை முடிந்து வயிற்றைத் தைப்பதற்கு முன், உள்ளே வைத்த துணித் துண்டுகளை எண்ண வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். நர்சிங் பயிற்சியின் முதல் வாரத்திலேயே சொல்லித் தந்திருப்பார்கள். எப்படி எண்ணுவது என்று நான் இங்கே விளக்கப் போவதில்லை. எண்ணிக்கை சரியாக வந்தும் ஒரு பெண்ணின் உயிர் போகப் பார்த்த கதையைச் சொல்கிறேன். தவறு செய்தவன் நான். உயிர் போகாமல் தடுத்தவர்கள் சம்பளம் வாங்காத மூன்று பிள்ளைகள்.

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் முப்பத்தெட்டு வருடம் தியேட்டர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றேன். வீட்டில் சும்மா இருக்கத் தெரியவில்லை. மட்டக்களப்பு வாவிக் கரையில் எங்கள் சபையோடு தொடர்புள்ள ஒரு சிறிய ஆஸ்பத்திரிக்கு அனுபவமுள்ள ஆள் தேவை என்றார்கள். இரண்டு வருடத்துக்கு விசா. போனேன். என் குவார்ட்டர்ஸ் வாசலிலிருந்து தியேட்டர் கதவுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு அடி. மழை நாளில் தண்ணீரைச் சுற்றிப் போனால் இருநூற்று நாற்பது. எனக்கு இந்தப் பழக்கம் சிறு வயதிலிருந்தே உண்டு. படி, ஜன்னல் கம்பி, சோற்றுக்கு வைத்த கறிகள், எதையும் எண்ணாமல் விட மாட்டேன். எண்ணிக்கை தப்பினால் அன்றைக்கு முழுவதும் மனசு கிடந்து அரிக்கும்.

அந்த நாட்டில் பள்ளிப் படிப்பின் கடைசியில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வந்து பல்கலைக்கழகமோ வேறு படிப்போ கிடைக்கும்வரை பிள்ளைகள் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அப்படிக் காத்திருந்த மூன்று பேர் எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தொண்டுக்கு வந்தார்கள். காத்தான்குடியிலிருந்து ரிஸ்னா. செட்டிபாளையத்திலிருந்து சுவேந்தினி. வெல்லாவெளியிலிருந்து டிலக்சன். அவன் நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்க இருந்தான். அதற்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் கிடைத்தால் உதவும் என்று அவன் வீட்டில் நினைத்தார்கள்.

முதல் இரண்டு வாரம் அவர்களை எனக்குப் பிடிக்கவில்லை. சிரிப்புச் சத்தம் அதிகம். ரிஸ்னா ஒரு நாள் என்னிடம் நேராகவே கேட்டாள்.

"சேர், நீங்க படத்தில கதைக்கிற மாதிரியே கதைக்கிறீங்களே, வீட்டிலயும் இப்பிடித்தானா?"

"வீட்டில் பேசுவதற்கு ஆள் இல்லை" என்றேன்.

அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். மறுநாள் ஒரு டப்பாவில் மஸ்கட் அல்வா கொண்டுவந்தாள். பதினாறு துண்டு. என் மகளோடு போனில் முகம் பார்த்துப் பேச வழி செய்து தந்தவன் டிலக்சன். சுவேந்தினி என் பின்னால் நடந்து வந்து, நான் வாய்க்குள் எண்ணுவதைச் சத்தமாக எண்ணிக் கேலி செய்வாள். எனக்கு "எண்ணிச் சேர்" என்று பெயர் வைத்ததும் அவள்தான். மூன்றாம் மாதம் முடிவதற்குள், மாலை நாலு மணிக்கு அவர்கள் மூவரும் வந்து பாலில்லாத பிளேன்டீ குடிக்காவிட்டால் எனக்கு நாள் முடியாது என்று ஆகிவிட்டது.

அந்தச் சமயத்தில் மருந்துப் பொருட்களுக்குத் தட்டுப்பாடு. எக்ஸ்ரேயில் தெரியும் நூல் வைத்து வரும், இரத்தம் ஒற்றும் காஸ் துணி கிடைக்கவில்லை. காஸ் துணிச் சுருளை வாங்கி நாங்களே வெட்டி, மடித்து, ஐந்தைந்தாகக் கட்டி, டிரம்மில் அடைத்துக் கிருமி நீக்கினோம். வெட்டுவது ரிஸ்னா. கட்டுவது மற்ற இருவரும். மேற்பார்வை நான்.

மார்கழி மழைக்காலம். ஒரு செவ்வாய்க்கிழமை ரிஸ்னா நூறு துண்டு வெட்டிக் கொடுத்தாள். புதன் காலை நான் டிரம் கணக்கைச் சரிபார்த்தேன். சின்ன டிரம்மில் எட்டுக் கட்டு. பெரிய டிரம்மில் பதினொன்று. ஆக மொத்தம் பத்தொன்பது.

மூவரையும் கூப்பிட்டேன்.

"நூறு துண்டு என்றால் இருபது கட்டு வர வேண்டும். ஒரு கட்டுக் குறைகிறது. ஐந்து துண்டு எங்கே?"

"தெரியா சேர்" என்றாள் ரிஸ்னா. "ஆனா நான் வெட்டினது நூறு. ரெண்டு தரம் எண்ணின."

"பெருநாளைக்குச் சட்டை தைக்கக் கொண்டு போயிருப்பாள் சேர்" என்றாள் சுவேந்தினி.

"பகிடி விடாத கா" என்றாள் ரிஸ்னா. அவள் சிரிக்கவில்லை.

நான் வகுப்பெடுக்கத் தொடங்கினேன். தவறு எல்லாருக்கும் வரும், அதை ஒத்துக்கொள்வதுதான் இந்தத் தொழிலில் முதல் பாடம் என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"செய்யாத பிழைய எப்பிடி சேர் ஒத்துக்கொள்ற?"

நான் பேனாவை எடுத்தேன். பதிவேட்டில் "95. வெட்டியதில் 5 குறைவு" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஒரு கட்டைக்கூட அவிழ்த்துப் பார்க்கவில்லை. பத்தொன்பதை ஐந்தால் பெருக்கினேன், அவ்வளவுதான். கிருமி நீக்கிய கட்டை அவிழ்த்தால் வீணாகும் என்பது ஒரு காரணம். உண்மையான காரணம், என் கணக்கின் மீது எனக்கு இருந்த கர்வம்.

அன்று பிற்பகல் இரண்டு மணிக்குக் கிரான் என்ற ஊரிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். இருபத்தேழு வயது. கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கிய கரு வெடித்து வயிறு முழுக்க இரத்தம். வெள்ளத்தில் பாதை மூடியிருந்ததால் சுற்றி வந்திருந்தார்கள். பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப நேரமில்லை. எங்கள் சத்திரசிகிச்சை டொக்டர் ஒரு பெண். அதிகம் பேச மாட்டார். நோயாளியின் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "மேசையில ஏத்துங்க" என்று மட்டும் சொன்னார்.

கருவி எடுத்துக் கொடுத்தவர் ஒரு சிஸ்டர். சின்ன டிரம்மிலிருந்து கட்டுகளைத் திறந்து போடுவதும் கணக்கைப் பலகையில் எழுதுவதும் என் வேலை. திறக்கும் ஒவ்வொரு கட்டையும் இருவர் சேர்ந்து ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். உங்களுக்கும் அதுதான் விதி.

முதல் கட்டைத் திறந்ததும் சிஸ்டர் கேட்டார். "எண்ணுவமா சேர்?"

"ஐந்துதான். காலையில் நான் பார்த்த கட்டு. வாங்கிக்கொள்ளுங்கள்" என்றேன்.

இரத்தம் பெருகிக்கொண்டிருந்தது. டொக்டர் கையை நீட்டியபடி நின்றார். அவசரம்தான். ஆனால் ஒரு கட்டை எண்ண நாலு நொடி போதும். எட்டுக் கட்டுக்கும் சேர்த்து முப்பத்திரண்டு நொடி. அந்த முப்பத்திரண்டு நொடியை நான் மிச்சம் பிடித்தேன். எட்டுக் கட்டும் அப்படியே உள்ளே போயின. பலகையில் நாற்பது என்று எழுதினேன்.

வெடித்த இடத்தைக் கட்டியதும் இரத்தம் நின்றது. வாளியில் விழுந்த துண்டுகளை நானும் சிஸ்டரும் எண்ணினோம். இந்த முறை ஒவ்வொன்றாக. நாற்பது. பலகையிலும் நாற்பது.

"சரியாக இருக்கிறது டொக்டர்" என்றேன். டொக்டர் தையல் நூல் கேட்டார்.

அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள். மூன்று தட்டு. கதவில் வட்டக் கண்ணாடி உண்டு. அதில் ரிஸ்னாவின் முகம் தெரிந்தது. போ என்று கை காட்டினேன். மறுபடி தட்டினாள். ஐந்து தட்டு. கோபத்தோடு போய்க் கதவைக் கொஞ்சமாகத் திறந்தேன்.

"உள்ளே வயிறு திறந்து கிடக்கிறது. என்ன வேண்டும் உனக்கு?"

"ஆறு சேர்."

"என்ன ஆறு?"

"கட்டுக்குள்ள அஞ்சில்ல, ஆறு இரிக்கி. பெரிய டிரம்மத் திறந்து எல்லாத்தையும் அவிழ்த்து எண்ணிப் போட்டம். நாலு கட்டில ஆறாறு இரிக்கி."

"சீல் வைத்த டிரம்மைத் திறந்தாயா? யாரைக் கேட்டு?"

"மறுகா ஏசுங்க சேர். இப்ப கேளுங்க. வெளிய அம்பத்தொம்பது கிடக்கு. நான் வெட்டினது நூறு. அப்ப உள்ள போனது நாப்பத்தொண்டு."

அவளுக்குப் பின்னால் டிலக்சன் நின்றான்.

"நான்தான் சேர். நேற்று சுவேந்தினி சோத்துக்குப் போன நேரம் நான் தனியக் கட்டின. எங்கட களத்தில நெல்லு அளக்கக்குள்ள முதல் மரைக்கால் பொலி சேர். அதுக்கு எண்ணிக்கை இல்ல. அடுத்ததுதான் ஒண்டு. சின்னனில இருந்து அப்பாவோட நிண்டு அளந்த கை. முதல் துண்ட வெச்சுப்போட்டு அடுத்ததில இருந்து எண்ணியிருக்கன்."

"எத்தனை கட்டு அப்படிக் கட்டினாய்?"

"நாலா அஞ்சா தெரியா சேர்."

இனி என் தலைக்குள் ஓடியதைச் சொல்கிறேன். நீங்களும் ஒரு நாள் இப்படி நிற்க வேண்டி வரும். அவன் கட்டியது நாலு கட்டு என்றால், அந்த நாலும் பெரிய டிரம்மில் இருக்கின்றன. மொத்தம் தொண்ணூற்றொன்பது துண்டு. உள்ளே போனது நாற்பது. வாளியில் இருப்பதும் நாற்பது. வயிற்றில் எதுவும் இல்லை. அவன் கட்டியது ஐந்து என்றால், மொத்தம் நூறு. உள்ளே போனது நாற்பத்தொன்று. வயிற்றில் ஒன்று கிடக்கிறது. இதைத் தீர்க்க என்னிடம் இருந்த ஒரே சாட்சி ரிஸ்னாவின் வார்த்தை. அவள் வெட்டியது நூறா, தொண்ணூற்றொன்பதா? காலையில்தான் அவளுக்கு எண்ணத் தெரியவில்லை என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டிருந்தேன்.

உள்ளே திரும்பி நடந்ததைச் சொன்னேன். மயக்க மருந்து டொக்டர் தலையை ஆட்டினார்.

"பிரஷர் நிக்கிறது கஷ்டம். கடைசி இரத்தப் பை ஓடுது. மூடுற எண்டா இப்ப மூடுங்க. தேடி ஒண்டும் இல்லாட்டி ஆள இழந்திருவம்."

துண்டு உள்ளே இருந்து மூடிவிட்டால் இன்று பிழைத்துவிடுவாள். பத்து நாளில் சீழ் பிடிக்கும். வெள்ளம் சூழ்ந்த ஊரில் மறுபடி வயிற்றைத் திறப்பதற்குள் என்ன ஆகும் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

டொக்டர் கையில் ஊசியோடு என்னைப் பார்த்தார்.

"சேர், எனக்கு ஒரு சொல் சொல்லுங்க. நாப்பதா, நாப்பத்தொண்டா?"

முப்பத்தெட்டு வருடத்தில் என் எண்ணிக்கை ஒரு தடவையும் தப்பியதில்லை. பலகையில் என் கையெழுத்தில் நாற்பது என்று இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் யாரும் என்னைக் குற்றம் சொல்லியிருக்க முடியாது.

"நாற்பத்தொன்று" என்றேன்.

"எப்பிடிச் சொல்றீங்க?"

"அந்தப் பிள்ளை இரண்டு தடவை எண்ணியிருக்கிறாள். நான் ஒரு தடவைகூட எண்ணவில்லை டொக்டர். ஐந்தால் பெருக்கினேன்."

டொக்டர் ஊசியைக் கீழே வைத்தார். சிஸ்டரிடம் வெளிச்சத்தைத் திருப்பச் சொன்னார். தேடத் தொடங்கினார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிடம். மூன்று நிமிடம். மயக்க மருந்து டொக்டர் பிரஷரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் அது இறங்கிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடம். ரிஸ்னா ஒன்று தப்பாக எண்ணியிருந்தால் இந்தப் பெண்ணை என் வார்த்தை கொல்கிறது. கண்ணாடியில் இப்போது மூன்று முகங்கள் இருந்தன.

ஏழாவது நிமிடம் டொக்டர் இடது பக்கத்தில், மண்ணீரலுக்குக் கீழே கையை விட்டவர் அப்படியே நின்றார். மெல்ல வெளியே எடுத்தார். இரத்தத்தில் ஊறி, சுருண்டு, பக்கத்தில் இருக்கும் உறுப்பின் நிறத்திலேயே இருந்தது. கண்ணால் மட்டும் பார்த்திருந்தால் தெரிந்திருக்காது.

"நாப்பத்தொண்டு" என்று சொல்லி வாளியில் போட்டார்.

நான் கண்ணாடியைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினேன். சுவேந்தினி அழுதுகொண்டே ரிஸ்னாவைக் கட்டிப் பிடித்தாள். டிலக்சனின் முகம் கண்ணாடியிலிருந்து மறைந்துவிட்டது.

மூன்றரை மணிக்கு அந்தப் பெண்ணை வார்டுக்கு மாற்றினோம். நேராக ஸ்டோருக்குப் போனேன். பதிவேட்டில் காலையில் எழுதியதைக் கோடிட்டு அடித்து, "100. வெட்டியது சரி. திறக்கும்போது எண்ணாதது என் தவறு" என்று எழுதினேன். ரிஸ்னாவைக் கூப்பிட்டு, சிஸ்டர் முன்னால் படித்துக் காட்டி மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்ல சேர்" என்றாள். பிறகு, "கோவத்திலதான் திறந்த. நூறு எண்டு உங்களுக்குக் காட்டோணும் எண்டு. ஆக்களக் காப்பாத்த எண்டு இல்ல" என்றாள். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். அவள் சொன்னாள்.

பெரிய டிரம்மில் ஆறாவது துண்டைப் பார்த்ததும் என்ன நடந்தது என்பதைச் சுவேந்தினி பிறகு சொன்னாள். ரிஸ்னா துள்ளிக் குதித்தாளாம். காலையில் நடந்ததற்கு நியாயம் கிடைத்துவிட்டது, மாலை வந்து காட்டினால் போதும் என்று பெண்கள் இருவரும் நினைத்தார்களாம். சின்ன டிரம் தியேட்டருக்குள் போயிருக்கிறது என்பதை முதலில் யோசித்தவன் டிலக்சன். அது தன் கை வேலை என்று அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. "ஒழும்பு ரிஸ்னா, கதவத் தட்டுவம். நான்தான் பிழ விட்ட, நானே சொல்றன்" என்று அவளை இழுத்துக்கொண்டு ஓடி வந்தவன் அவன்தான். அவன் சும்மா இருந்திருந்தால், அந்தக் கட்டுகளைக் கட்டியது யார் என்று கடைசிவரை யாருக்கும் தெரிந்திருக்காது.

அவனைத் தேடிப் போனேன். துணி துவைக்கும் கொட்டிலில் ஏப்ரனை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"சேர், நான் நாளைக்கு வாறதா, வேணாமா?"

"காலை ஏழரைக்கு வா. கட்டுகளை எல்லாம் அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டும். நானும் உட்காருகிறேன். நீ கட்டு, நான் எண்ணுகிறேன். நான் கட்டும்போது நீ எண்ணு."

"உங்களுக்குக் கட்டத் தெரியுமா சேர்?"

"தெரியாது" என்றேன். அவன் அப்போதுதான் சிரித்தான்.

என் பங்குக்கு நான் டொக்டரிடம் ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு மடித்து என் சட்டைப் பையிலேயே திருப்பி வைத்தார். "இது லேசான வழி சேர். அந்தப் பெண்ணுக்குச் சொல்லோணும். நீங்களும் வாங்க" என்றார்.

ஐந்தாம் நாள், அவள் எழுந்து உட்காரத் தொடங்கியபின், அவளிடமும் புருஷனிடமும் டொக்டர் நடந்ததை மறைக்காமல் சொன்னார். நான் செய்ததை நானே சொன்னேன். வர வேண்டாம் என்று சொல்லியும் மூன்று பிள்ளைகளும் கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றார்கள். டிலக்சன் தன் பொலிக் கணக்கைச் சொன்னான். புருஷன் கிரானில் வயல் செய்கிறவர். ஆறு வயது மகனின் தலையில் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். போலீசுக்குப் போகிறேன் என்று சொன்னாலும் அது அவர் உரிமை என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் டிலக்சனைப் பார்த்தார்.

"எந்த ஊர் தம்பி?"

"வெல்லாவெளி அண்ணன்."

"எந்த வட்டையில வயல்?"

அவன் தங்கள் வயல்வெளியின் பெயரைச் சொன்னான். அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "பொலி போட்டிரிக்கான் கா, உன்ட வகுத்துக்குள்ள."

அவள் தையலைக் கையால் அழுத்திக்கொண்டாள். "சிரிக்க வெக்காதீங்க, நோகுது" என்றாள். பிறகு டிலக்சனிடம், "தம்பி, மாசியில அறுப்பு. எங்கட களத்துக்கு வா. அங்க உன்ட எண்ணிக்கைதான் சரி" என்றாள். ரிஸ்னாவைப் பார்த்து, "நீயும் வா கிளி. இவன் சரியா எண்ணுறானா எண்டு பாக்க ஆள் வேணும்" என்றாள்.

நான் எத்தனையோ பெரிய டாக்டர்களோடு வேலை செய்திருக்கிறேன். பிரிவுபசாரத்தில் சால்வை போர்த்தினார்கள். அதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். தன்னைச் சந்தேகப்பட்டவனின் கதவை இரண்டாவது தடவையும் தட்டிய ஒரு பெண்ணும், தன் தவறைச் சொல்லவே ஓடி வந்த ஒரு பையனும் என்னோடு பிளேன்டீ குடித்தவர்கள். அந்தப் பெருமை எனக்குப் போதும். நாளை உங்கள் கதவையும் யாராவது தட்டுவார்கள். தட்டுகிறவர் யார் என்று பார்த்துக்கொண்டு நிற்காமல் திறங்கள்.

மாசியில் நால்வரும் போனோம். இப்போது அங்கேயும் அறுப்பது இயந்திரம்தான். நெல் மூட்டையில் விழுந்து லொறியில் போய்விடுகிறது. ஆனாலும் வீட்டுக்கு என்று ஒதுக்கியதை அவர்கள் மரைக்காலால்தான் அளக்கிறார்கள். அந்தப் பெண் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் நிறம் திரும்பியிருந்தது. பாரம் தூக்கக் கூடாது என்று நான் சொன்னதைக் கேட்டிருக்கிறாள். டிலக்சன் மரைக்காலை நிறைத்துச் சாக்கில் கொட்டினான். ரிஸ்னாவும் சுவேந்தினியும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

முதல் மரைக்காலுக்கு நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்தது விழுந்தபோது "ஒண்டு" என்றேன்.